டக்குன்னு சொல்லாத பெட்டி

"'பெரியம்மா, அந்தப் பெட்டி டக்கு டக்குனு அடிக்குது, எனக்குத் தூக்கமே வரல, அதை வெளிய தூக்கிப் போடுங்க.' இதையே நாலு தடவை சொல்லிட்டே, எப்சி! எங்க கான்வென்ட்டா இருந்தா ரெண்டாவது தடவையே வெயில்ல நிக்க வச்சிருப்பாங்க. மே மாசம், மத்தியானம், தெரு பூரா ஏசி ஓடுது. கரண்ட் ஏறி இறங்கத்தான் செய்யும். ஹால்ல கம்ப்யூட்டருக்கு மாட்டுன ஸ்டெபிலைசர் பெட்டி அடிக்கத்தான் செய்யும். நான் அடுப்பை அணைக்கப் போனப்போ எந்திரிச்சு நடந்தியே, தண்ணி குடிச்சாச்சுல்லா? பேசாம படு. கதை சொல்றேன், 'ம்' கொட்டு. கொட்டலைன்னா எந்திரிச்சுப் போயிருவேன்.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு. பேரு மெர்லின். அவ அம்மா குவைத்துல நர்ஸு. ஆமாட்டி, உங்கம்மா மாதிரியேதான், குறுக்கப் பேசாத. ஞாயித்துக்கிழமையானா அம்மா பேசி அனுப்புவா. 'சாப்பிட்டியா தங்கம், தலை பின்னினியா தங்கம்'னு. அத்தனையும் வீட்டுக் கம்ப்யூட்டர்ல கிடந்துச்சு. வேற எங்கயும் கிடையாது. ம்?"

"ம்."

"அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு காவக்காரப் பெட்டி. கரண்ட் சோந்து வந்தா டக்குனு தூக்கிவிடும். வெறி புடிச்சு வந்தா டக்குனு கதவைச் சாத்திரும். மெர்லினுக்கு அந்தச் சத்தம் ஆகல. அம்மா பேச்சைக் கேக்கவிட மாட்டேங்குதாம். அப்போ என்ன செஞ்சா? பெட்டியைச் சுவத்துல இருந்து உருவிட்டு, அந்த ஓட்டையில கம்ப்யூட்டரை நேரா சொருகிட்டா. யார்ட்டயும் மூச்சு விடல.

அப்புறம் ஒரு நாள் கரண்ட் இளைச்சு வந்துச்சு. பல்பு சிவந்து போச்சு, ஃபேன் ங்ங்ங்னு முனகுச்சு. பெட்டி டக்குன்னுச்சா? இல்ல. கம்ப்யூட்டர் பொசுக்குனு அணைஞ்சு, திரும்ப வந்துச்சு. ஒண்ணும் ஆகலையேன்னு மெர்லின் சிரிச்சா.

அப்புறம் இன்னொரு நாள் கரண்ட் போய், படார்னு திரும்ப வந்துச்சு. பெட்டி டக்குன்னுச்சா? இல்ல. கம்ப்யூட்டரைத் தொறந்தா, அம்மா 'சாப்பிட்டியா தங்'னு நின்னுட்டா. 'தங்... தங்... தங்...' அதுக்கு மேல வரல. மெர்லின் அதை அப்படியே மூடி வச்சா. அப்பயும் வாயைத் தொறக்கல. சொன்னா ஏசுவாங்களாம்! ஏசுனா என்ன, காது அறுந்தா போகும்? ம்?"

"...ம்."

"மூணாவது நாள் காத்து. சர்ர்ர்னு அடிச்ச அடியில போஸ்ட்டுல ஒரு வயர் அந்துச்சு. எந்த வயரு? நியூட்ரல். அது போச்சுன்னா வீட்டுக்குள்ள எவ்வளவு வரும்னு ஒரு கணக்கும் கிடையாது. பட்டப்பகல்ல பல்பெல்லாம் வெள்ளை வெள்ளையா எரியுது, கண்ணு கூசுது. மெர்லின் ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, 'டக்குன்னு சொல்லு, சொல்லு'ன்னு அழுதா. உருவிப் போட்ட பெட்டி எப்படிச் சொல்லும்? மூலையில ஊமையா உக்காந்துட்டு இருக்கு. அப்போ புஸ்ஸ்ஸ்... கம்ப்யூட்டர்ல இருந்து கருகுன வாடை. அம்மா பேசுன அத்தனை ஞாயித்துக்கிழமையும் புகையாப் போச்சு.

அவ்வளவுதான். கதையைக் கட்டி வச்சாச்சு, கண்ணைக் கட்டிக்கோ, தூங்கு.

தூங்கிட்டியா?

அந்தா, ஃபேன் இறங்குது. ங்ங்ங்ங்குது. இப்போ அடிக்கும் பாரு, டக்குனு.

...அடிக்கலையே.

ஏறுது. திரும்ப இறங்குது. நான் கதையை ஆரம்பிச்சதுல இருந்தே ஒரு டக்கு கேக்கலையே. ஹால்ல கம்ப்யூட்டர் ஓடுற சத்தம் மட்டும் கேக்குது. எப்சி? ஏட்டி, நீ தண்ணி குடிக்கவா எந்திரிச்சே?

நான் ஏச மாட்டேன். சத்தியமா ஏச மாட்டேன். பெட்டியைத் தொடலைன்னு ஒரே ஒரு 'ம்' மட்டும் சொல்லிரு, தங்கம்."