சிவப்புக் கோடு நீலமாகும் வரை

ஆமாஞ்சாமிபட்டிக்காரர்களைப் போல் சொன்ன சொல் தட்டாதவர்களை நான் பார்த்ததில்லை. அதுதான் அவர்களுக்கு வந்த வினை. போன வருஷம் நூலகத்தில் போனில் மேப்பும் டாக்குமென்ட்டும் இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள் என்று பதினாறு பேர் போய்ப் படித்தார்கள். மேப்பில் சிவப்புக் கோடு தெரிந்தால் அங்கே நெரிசல், நீலமாகும் வரை நுழையாதீர்கள் என்றார் டீச்சர். ஊர்க் காரியத்தை ஒரே டாக்குமென்ட்டில் எழுதி எல்லோரும் திருத்துங்கள் என்றார். நிறைய போன் ஒரே இடத்தில் நின்றால் மேப் அதையே நெரிசல் என்று நினைத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது நம்மவர்கள் வடை தின்னப் போயிருந்தார்கள்.

இவர்களில் மூத்தவர் தருமலிங்கம். வயது முப்பத்தொன்பது. பதினோரு இடத்தில் பெண் பார்த்தும் ஒன்றும் கைகூடவில்லை. பன்னிரண்டாவதாகப் பக்கத்து ஊர் சின்னக்காளை, தன் மகள் பவளக்கொடியைப் பார்க்க வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கிளம்பும் நேரத்தை டாக்குமென்ட்டில் பதினாறு பேரில் ஒருவரான பூமிநாதன் ஒன்பது மணி என்று போட்டார். எல்லோரும் திருத்த வேண்டும் என்பது டீச்சர் உத்தரவாயிற்றே. மீதிப் பதினைந்து பேரும் கடமை தவறாமல் ஆளுக்கு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் திறந்து பார்த்தால், கிளம்பும் நேரம் வியாழக்கிழமை சாயங்காலம் என்று இருந்தது. நேற்றே போயிருக்க வேண்டுமே என்று பதறி, பாதிப் பேர் குளிக்காமலே வேனில் ஏறினார்கள்.

சின்னக்காளை வீட்டுக்கு அரை பர்லாங் இருக்கும்போது ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வேன் நின்றது. ஆடுகள் போய்விட்டன. பதினாறு பேரும் போனில் மேப்பைத் திறந்து வைத்திருந்தார்கள், நின்ற இடம் சிவந்துவிட்டது.

"மச்சான், ரோட்டுல ஈ காக்கா இல்லையே," என்றார் ஒச்சப்பன்.

பூமிநாதன் யோசித்துச் சொன்னார். "காய்ச்சல் கண்ணுக்குத் தெரியுதா? தெர்மாமீட்டர்லதான தெரியுது. நெரிசலும் அப்படித்தான்."

எல்லோரும் இறங்கி நெரிசலைத் தேடி ரோட்டில் நடந்தார்கள். நடந்த தூரமெல்லாம் சிவந்தது. மணி பத்தேகால். தருமலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்ட எனக்கே பாவமாக இருந்தது.

ஆளைக் காணோமே என்று சின்னக்காளை போன் போட்டார். நெரிசல் என்றார்கள். என் தெருவில் நெரிசலா என்று அவர் பத்துச் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டு வந்தார். ஆளுக்கொரு போன். பின்னாலேயே வந்த பவளக்கொடி மேப்பை வாங்கி நிதானமாகப் பார்த்தாள்.

"யப்பா, இவுக சொல்றது நெசந்தான். நம்ம வாசல் வரைக்கும் செவந்திருக்கு. இத்தனை நெரிசல்ல நீங்க எப்படிப்பா வந்தீக?"

எவ்வளவு பெரிய கண்டத்தைத் தாண்டி வந்திருக்கிறோம் என்று சின்னக்காளைக்கு அப்போதுதான் உறைத்தது. மைல்கல் மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். தருமலிங்கம் பவளக்கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜாடிக்கேற்ற மூடி என்பது இதுதான். பத்து இருபத்தெட்டுக்கு நடுரோட்டிலேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைய ஜனம், அத்தனை பேர் கையிலும் போன். மண்டபத்துக்குக் கிழக்கே மாப்பிள்ளை வேன் நின்றுவிட்டது, மேற்கே பெண் வேன். நடுவில் சிவப்பு. கூட்டம் கலைந்ததும் இருவருமே உள்ளே போகலாம், பதற வேண்டாம் என்று பவளக்கொடி போனில் தைரியம் சொன்னாள். முகூர்த்தம் முடிய அரைமணி இருக்கும்போது பூமிநாதன் மைக்கைப் பிடித்தார்.

"கல்யாணத்துக்கு வந்த சொந்தபந்தம் எல்லாரும் தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க. அப்பத்தான் கல்யாணம் நடக்கும்."

போனார்கள். கோடு நீலமாயிற்று. தாலி கட்டியதைப் பார்க்க ஆள் இல்லாததால், யாருக்கு யார் என்பதை டாக்குமென்ட்டில் எழுதி வைத்தார்கள். வழக்கம்போல எல்லோரும் திருத்தலாம்.

இப்போதெல்லாம் பவளக்கொடி காலையில் எழுந்ததும் டாக்குமென்ட்டைத் திறந்து, புருஷன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி கலக்கிறாள். நேற்று அதில் வேன் டிரைவர் பெயர் இருந்தது, அவர் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்.