கதவில்லாத தூபியும் குளவியின் பிள்ளையும்

அந்தக் காலத்தில் குளவிக்கு வீடு கட்டத் தெரியாது. எல்லா உயிர்களையும் போலப் பேச மட்டும் நன்றாகத் தெரியும். முட்டையை ஏதாவது ஓர் இலை மடிப்பில் இட்டுவிட்டு, நாளுக்குப் பத்துத் தடவை போய் மடிப்பைப் பிரித்துப் பார்க்கும். மரத்தடி ஓணானுக்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்? இப்படியே மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தது குளவி.

அதே நாட்களில் ஆற்றங்கரை மேட்டில் சேந்தன் என்ற கொத்தனார் தூபி கட்டிக்கொண்டிருந்தார். புத்தர் பெருமானின் அஸ்தி வைத்த கையகலப் பேழை ஒன்றைப் பிக்குகள் அந்த ஊருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதை நடுவில் வைத்து, சுற்றிலும் செங்கல் அடுக்கி, நெல் அம்பாரம் போலக் குவித்துக் கட்டினார். ஊராருக்கோ பேழையைத் தினமும் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்காக ஒரு வாசல் விடச் சொன்னார்கள். மழைத் தண்ணீர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனது. தூபி சரிந்தது. மறுவருடமும் வாசல் விட்டுக் கட்டினார், மறுபடியும் சரிந்தது.

"இன்னொரு தடவை இடிஞ்சா பேழையை வேற ஊருக்குக் கொண்டுபோறதைத் தவிர வழியில்லை" என்று பிக்குகள் வருத்தத்தோடு சொல்லிவிட்டார்கள். அப்படியும் மூன்றாம் தடவை வாசல் விட்டேதான் கட்டினார் சேந்தன். ஊர் ஆசை அப்படி.

அப்போதுதான் குளவி அவரிடம் வந்தது.

"கொத்தனாரே, என் வயித்துல இருக்கறது கடைசி முட்டை. பேழை பக்கத்துல ஒரு ஓரம் குடுங்க."

"தாராளமா வை, தாயி."

வைத்தது. ஆனால் பழக்கம் விடுமா? பத்துத் தடவை உள்ளே போய் வந்தது. ஐந்தாம் நாள் ஓணான் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. சேந்தன் விரட்ட விரட்டத் திரும்பி வந்தது. மேற்கே மழை கறுத்துக்கொண்டிருந்தது.

குளவி கொஞ்ச நேரம் ஓணானையே பார்த்தது. பிறகு நாலு பச்சைப் புழுவைப் பிடித்துக்கொண்டுபோய் முட்டையருகே வைத்துவிட்டு வெளியே வந்தது.

"வாசலை அடைச்சிடுங்க."

"உள்ளே உன் பிள்ளை இருக்கே?"

"இருக்கட்டும். போய்ப் போய்ப் பார்த்துத்தான் மூணையும் காட்டிக்குடுத்தேன். இதையாவது பார்க்காம இருக்கேன்."

சேந்தன் ஓணானை இன்னொரு தடவை விரட்டிவிட்டுக் கரண்டியை எடுத்தார். தினமும் பூ கொண்டுவரும் மாசாத்தி குறுக்கே வந்து நின்றாள். "அடைச்சுட்டா பேழையை எப்படிக் கும்பிடறது?"

"பெத்தவளே பார்க்காம இருக்கேங்கிறா. நாம இருக்க மாட்டோமா?"

மாசாத்தி பூக்கூடையோடு விலகி நின்றாள். விரல் நுனி அளவு சந்து மீதி இருக்கும்போது, பிள்ளை வெளியே வர வழி வேண்டுமே என்று சேந்தன் கையை நிறுத்தினார். குளவியே ஈரமண்ணை உருட்டிக்கொண்டுவந்து அதை மூடியது. எனக்கு அந்த வைராக்கியம் வராது. யாருக்கு வரும்?

ஒரு மாதம் மழை கொட்டியது. மனசு கேட்காமல் குளவி தூபியை வலமாகச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. உள்ளே போக வழியில்லாத மாசாத்தியும் பூக்கூடையோடு அதன் பின்னால் நடந்தாள். அவள் பின்னால் ஊரே நடந்தது.

மழை விட்ட காலையில் சந்தில் வைத்த மண் உள்ளிருந்து உதிர்ந்தது. ஈர இறக்கையை உதறிக்கொண்டு ஒரு குட்டிக் குளவி வெளியே வந்தது. தூபியில் ஒரு கீறல்கூட இல்லை. பேழை எந்த ஊருக்கும் போகவில்லை. சேந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சந்தைச் சுண்ணாம்பு வைத்து நிரந்தரமாகப் பூசினார்.

அன்று முதல்தான் குளவி நம் வீட்டுச் சுவர் மூலையில் கதவில்லாத மண்கூடு கட்டி, உள்ளே பிள்ளையையும் அதற்கு இரையையும் வைத்து அடைத்துவிட்டுப் போகிறது. அன்று முதல்தான் தூபிக்கும் வாசல் கிடையாது. அன்பு வைத்தவர்கள் உள்ளே இருப்பதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில்லை, சுற்றி வருகிறார்கள்.