முன்னால் இருந்தவர்கள்

அரசு மருத்துவச்சாலையின் வாசலில் உட்கார்ந்து முறை ஓலை எழுதுகிறவர் பெயர் திருமேனி. ஐம்பத்திரண்டு வயது. நாற்பத்தைந்து வயதுவரை துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர். மனைவி விஷக்காய்ச்சலில் போன பிறகு, வைத்தியம் கற்றே தீருவது என்று இங்கே வந்து சேர்ந்தார். அவருடைய ஆசான் உமையாள் அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். உமையாள் அவரை அண்ணாச்சி என்பார். அவர் உமையாளை ஆசானே என்பார். நாளாக ஆக ஊருக்கும் அது பழகிவிட்டது.

முன்பெல்லாம் கோயில் ஊழியர்களும் படைவீரர்களும் வணிகர் வீட்டாரும் மட்டுமே அந்தச் சாலைக்குள் வர முடியும். இரண்டு வருஷத்துக்கு முன் அரசர் முரசறைந்தார். நாட்டில் யாருக்கு நோய் வந்தாலும் அங்கே வரலாம், ஒருவரையும் வாசலில் நிறுத்தக் கூடாது என்றார். ஜனங்கள் வந்தார்கள். மலையடிவாரத்திலிருந்து, உப்பளத்திலிருந்து, ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்தெல்லாம் வந்தார்கள். நோயாளிகள் கூடினார்கள். வைத்தியர்கள் கூடவில்லை. வந்த அன்றே வைத்தியரைப் பார்த்துவிட்டுப் போன இடத்தில் ஒன்பது நாள், பத்து நாள் ஆயிற்று.

அதனால்தான் முறை ஓலை. பாம்புக்கடி, ரத்தப்போக்கு, பிரசவ வலி, நினைவு தப்பியவர்கள், இவர்கள் நேரே உள்ளே போகலாம். மற்ற எல்லோருக்கும் எண். விதியை வகுத்தவர் உமையாள். அதை இம்மியும் பிசகாமல் காத்தவர் திருமேனி. அமைச்சருடைய மாமனாரையே எண் கொடுத்துக் கொட்டகையில் உட்கார வைத்தவர் என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

மாசி மாதத்தில் ஒருநாள் அவருடைய அக்கா வடிவு வந்தாள். கோயில் மேளக்காரரின் மனைவி. அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. தாயில்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள்தான். வலது பாதத்தில் துணி சுற்றியிருந்தது.

“என்னக்கா காலில்?”

“செருப்புக் கடிச்சதுடா. ஆற மாட்டேங்குது.”

“எத்தனை நாளா?”

“இருக்கும் ஒரு மாசம்.”

திருமேனி எண்ணை எழுதி ஓலையை நீட்டினார். கொட்டகையில் அவளுக்கு முன்னால் இருநூற்று அறுபது பேர் இருந்தார்கள்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நீதானே தம்பி எழுதுற. உள்ள ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“முறைப்படி வாக்கா,” என்றார் திருமேனி.

அவள் கோபப்படவில்லை. ஓலையை முந்தானையில் முடிந்துகொண்டு கொட்டகைக்குப் போனாள். தினமும் காலையில் வந்து உட்கார்ந்தாள். அவர் அந்தப் பக்கம் போகும்போது, “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்பாள்.

ஒன்பதாம் நாள் விடியும்போது அவளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அப்போது அவளுக்கு ஓலை தேவைப்படவில்லை. உமையாள் துணியை அவிழ்த்தார். பாதம் கறுத்திருந்தது. அங்கிருந்து ஒரு சிவப்புக் கோடு தொடைவரை ஏறியிருந்தது. உச்சிப்பொழுதுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அவளுடைய எண் அன்று பிற்பகலில் வந்தது. திருமேனிக்குப் பதிலாக வாசலில் இருந்த ஆள் விஷயம் தெரியாமல் அந்த எண்ணை மூன்று தடவை கூப்பிட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடித்து, அமாவாசையன்று திருமேனி திரும்பி வந்தார். அமாவாசையில் அவசர நோயாளிகளை மட்டும்தான் பார்ப்பார்கள். கொட்டகை காலியாகக் கிடந்தது. உமையாள் பின்கட்டில் குழியம்மியில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார்.

“ஆசானே, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“முரசறையறதுக்கு முன்னாடி எங்க அக்கா வந்திருந்தா?”

“வந்த அன்னிக்கே பாத்திருப்பேன்.”

“பொழச்சிருப்பாளா?”

“ரெண்டு விரல் போயிருக்கும். பொழச்சிருப்பாங்க.”

உமையாள் ஏதாவது ஆறுதல் சொல்லி மழுப்புவார் என்று நினைத்துத்தான் திருமேனி வந்திருந்தார். எதிர்த்துப் பேச வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். அதற்கெல்லாம் இப்போது வேலை இல்லை.

“அப்போ ஊருக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டதுதான் அவளைக் கொன்னுது.”

அரைக்கும் சத்தம் நின்றது.

“துணியை அவிழ்த்துப் பாத்தீங்களா அண்ணாச்சி?”

“இல்லை.”

“ஏன்?”

“பாத்தா உள்ள கூட்டிட்டுப் போயிருவேனோன்னு பயம்.”

உமையாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். “அவங்களுக்கு முன்னால இருந்தவங்க பட்டியல் இருக்கில்ல?”

“இருக்கு.”

“எழுத்தாணியையும் எடுத்துக்குங்க. போய்ப் பாத்துட்டு வருவோம். அதுல யார் பேரை அடிச்சிருக்கணும்னு நீங்களே சொல்லுங்க. ஒரே ஒரு பேரைச் சொன்னாலும் போதும். நானே அரண்மனைக்குப் போய், கதவைச் சாத்துங்கன்னு சொல்லிட்டு வந்திடறேன்.”

ஒரு பேர்கூடவா கிடைக்காது என்று எண்ணிக்கொண்டே திருமேனி நடந்தார். எழுதும்போது பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இருமலுக்கு வந்தவன், சிரங்குக்கு வந்தவன், எதற்கு வந்தோம் என்று சரியாகச் சொல்லக்கூடத் தெரியாதவள். இவர்களெல்லாம் அக்காவுக்கு முன்னால். அவருக்கு வாய் கசந்தது.

முதலில் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனார்கள். கொம்பையா என்பவன் கிளிஞ்சல் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். ஒரு கண் மூடித் தைத்தது போல ஒட்டியிருந்தது. கண்ணில் புண்ணோடு வந்தவன், ஆறு நாள் கொட்டகையில் கிடந்தவன்.

“இன்னொண்ணு நல்லாத் தெரியுதா?” என்று உமையாள் கேட்டார்.

“தெரியுது தாயி. அதுவும் போயிருமோன்னுதான் பயந்தேன்.”

“முன்னாடியே பாத்திருந்தா இதையும் காப்பாத்தியிருக்கலாம்.”

“நீங்க அன்னிக்கே சொன்னீங்களே,” என்று அவன் மறுபடி குனிந்து அள்ளத் தொடங்கினான்.

திருமேனி பட்டியலை விரிக்கவில்லை.

வண்ணான்துறையில் ஒருத்தி சளியில் ரத்தம் காட்டினாள். உப்பளத்தில் ஒரு கிழவருக்கு ஒருபக்க விலாவில் கோத்த நீரை எடுத்திருந்தார்கள். சிரங்குக்கு வந்தவன் வீட்டைக் கண்டுபிடித்ததும் திருமேனி எழுத்தாணியை எடுத்தார். எட்டிப் பார்த்தால் உள்ளே ஏழு பேர். ஏழு பேர் உடம்பிலும் அதே சிரங்கு, இப்போது ஆறிக்கொண்டு வந்தது. அவனுக்குக் கொடுத்த களிம்பையே எல்லோரும் பூசியிருந்தார்கள். திருமேனி எழுத்தாணியை மடியில் செருகிக்கொண்டார்.

வெயில் சாயும் நேரம் விறகு மண்டித் தெருவுக்கு வந்தார்கள். மாடத்தி என்ற பெண், சுமையை இறக்கிவிட்டுச் சும்மாட்டுத் துணியால் முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே முழங்கால் வலி என்று திருமேனியின் கையெழுத்திலேயே இருந்தது.

“இவ பேரை அடிக்கலாம்,” என்றார்.

“சரி,” என்றார் உமையாள். “அவங்ககிட்டயே சொல்லுங்க.”

திருமேனி கிட்டே போனார். மாடத்திக்கு அவரை அடையாளம் தெரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“உனக்கு முழங்கால் எத்தனை நாளா வலிக்குது?”

“பன்னெண்டு வருசமாய்யா.”

“பன்னெண்டு வருசம் பொறுத்தவ, இன்னும் ஒரு பத்து நாள் பொறுத்திருக்கலாம்ல?”

“பொறுத்திருக்கலாம்,” என்றாள் அவள், தவறாக எடுத்துக்கொள்ளாமல்.

திருமேனி திரும்பி உமையாளைப் பார்த்தார். கிடைத்துவிட்டது என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

உமையாள் மாடத்தியின் பக்கத்தில் கீழே உட்கார்ந்தார். “பன்னெண்டு வருசமும் வைத்தியருக்காகக் காத்திருந்தீங்களா?”

மாடத்தி சிரித்தாள். “காத்திருக்கறதா? வர்ற ஆளுக்குத்தானே தாயி காத்திருப்பாங்க. எனக்கு யாரு வரப்போறா? அப்பல்லாம் உங்க வாசலுக்கு விறகு கொண்டாருவேன். இறக்கி வச்சுட்டு ஓடு, நிக்காதேன்னு காவல்காரர் சொல்லுவாரு. வலிக்கும். நடந்து போயிருவேன்.”

பிறகு திருமேனி பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்றது சரிதான்யா. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. அன்னிக்கே அதைத்தான் சொன்னேன். எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா காலில் துணியைச் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நெத்தியில கை வச்சுப் பாத்தேன், கொதிச்சுது. துணியிலேருந்து ஒரு வாடை. என்னைக் கூப்பிட்டதும், அம்மா, இந்தாங்க என் ஓலை, நீங்க உள்ள போங்க, உங்க ஓலைக்கு நான் போய்க்கறேன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?” என்று உமையாள் கேட்டார்.

“மாட்டேன்னுட்டாங்க. வாசல்ல எழுதறது என் தம்பி. முறையை மாத்தி நானே உள்ள போனா அவனுக்குத்தான் பேரு கெட்டுப்போகும்னாங்க. ரெண்டு தடவை கெஞ்சிப் பாத்தேன். கையைப் பிடிச்சு என்னைத்தான் எழுப்பி விட்டாங்க.”

சும்மாட்டுத் துணியை உதறிக் கையில் சுற்றிக்கொண்டாள்.

“அந்த அம்மாவுக்குக் கால் தேவலையாய்யா?”

திருமேனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உமையாள்தான், “இறந்துட்டாங்க,” என்றார். மாடத்தி சுமையின் மேல் கையை வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். இழுத்துப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போயிருக்கணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அங்கிருந்து கிளம்பி ஒரு தெரு கடந்தார்கள். பிறகு திருமேனி நின்றார்.

“மாடத்தி ஓலையை நீட்டினது என்னிக்கு?”

“மாடத்தி எண் வந்தது, உங்க அக்கா வந்த ஏழாம் நாள்.”

“ஏழாம் நாள் அக்கா உள்ள வந்திருந்தா?”

“காலை எடுத்திருப்பேன். உயிர் இருந்திருக்கும்.”

திருமேனி சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். கையிலிருந்த பட்டியல் சுவரில் உரசிச் சத்தம் போட்டது.

“அப்போ கொன்னது நானா ஆசானே?”

“எனக்குத் தெரியலை அண்ணாச்சி. அந்த விதியை எழுதினது நான். புண்ணுன்னா அவிழ்த்துப் பாக்கணும்னு அதுல எழுதலை. முப்பது பேரைப் பாத்து முடிக்கவே பொழுது சாயுது, அதுக்கும் ஒரு ஆளைப் போட முடியாதுன்னு எழுதலை.”

வணிகர் தெரு வழியாகத் திரும்பினார்கள். அங்கே பூரணலிங்கம் என்ற வைத்தியரின் வீடு இருந்தது. பதினெட்டு வருஷம் மருத்துவச்சாலையில் இருந்தவர். முரசறைந்த மூன்றாம் மாதம், இன்னொரு வைத்தியரையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். அதோடு சாலையில் இருந்த நான்கு வைத்தியர்கள் இரண்டாகிப் போனார்கள். பதினாறு வணிகக் குடும்பங்கள் அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தன. அவர்களைத் தவிர வேறு யாரையும் அவர் பார்ப்பதில்லை.

பூரணலிங்கம் ஊஞ்சலில் உட்கார்ந்து சுக்கு நீர் குடித்துக்கொண்டிருந்தார். உமையாளைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்கு வந்தார்.

“என்னம்மா, அமாவாசையில்கூட அலைச்சலா? இளைச்சுப் போயிட்டியே.”

“இப்படி வந்தோம்.”

“இந்த அண்ணாச்சிக்குத் துக்கம்னு கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.” திருமேனியைப் பார்த்துக் கைகூப்பினார். அது வெறும் உபசாரமில்லை. கண் கலங்கியிருந்தது. “என்னைத் தப்பா நினைக்காதே உமையா. என்னால முடியலை. ஒருத்தர் நாடியைப் பிடிச்சிருக்கும்போதே அடுத்தவர் இருமுவார். கை நடுங்க ஆரம்பிச்சுது. இங்க ஒருத்தருக்கு ஒரு நாழிகை உக்காந்து பாக்கறேன். வைத்தியம்னா அதானே. முன்னாடி சாலையில அப்படித்தானே பாத்தோம்?”

“ஆமா,” என்றார் உமையாள்.

“உங்க அரசர் கதவைத் திறந்தாரே, ஆளைக் குடுத்தாரா?”

“குடுக்கலை.”

“நான் வேற என்ன செய்ய?”

விடைபெற்றுக்கொண்டு இறங்கினார்கள். பூரணலிங்கம் திரும்பிப் போய் ஊஞ்சலில் உட்கார்ந்தார்.

தெருமுனைக்கு வந்ததும் திருமேனி திரும்பிப் பார்த்தார். வீட்டு முற்றம் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. இரண்டு பக்கமும் பாய் விரித்திருந்தது. பாயில் யாரும் இல்லை. இப்படி ஒரு வாசலுக்கு அக்கா வந்திருந்தால், வந்த அன்றே ஊஞ்சல் நின்றிருக்கும், துணி அவிழ்ந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

“பாருங்க ஆசானே. அங்க ஒருத்தர்கூடக் காத்திருக்கலை.”

உமையாளும் நின்று அந்தக் காலி முற்றத்தைப் பார்த்தார்.

“ஆமா அண்ணாச்சி. மாடத்தி விறகை இறக்கி வச்சுட்டு ஓடினப்ப நம்ம வாசலும் இப்படித்தான் இருந்துச்சு.”