சிங்காரவேலன் சாரோட கறுப்புப் பை

எங்க தெருமுனை டீக்கடையில பால் பொங்கறதுக்கு முன்னாடி சிங்காரவேலன் சார் பொங்கிடுவாரு. ரிட்டயரான மனுஷன். ஒரு கையில நாய்ச் சங்கிலி, இன்னொரு கையில, நாய் போறதை அள்ளறதுக்குன்னு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பை. நாய் பேரு சுல்தான், கன்னுக்குட்டி சைஸுக்கு இருக்கும். வாக்கிங் முடிஞ்சு வீட்டுக்குப் போனா பூஜை. மணிச் சத்தம் நாலு வீட்டுக்குக் கேக்கும், சாமி முகமே தெரியாத அளவுக்குப் பூ குவிஞ்சிருக்கும்.

அன்னிக்கு எனக்கு டீக்கடையில அவர் அளக்கற கதையைக் கேக்கப் பொறுமை இல்ல. பத்து மணிக்கு என் பொண்ணு தேன்மொழியைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. விடியறப்பவே வாசல் தெளிச்சு, பெரிய கோலமாப் போட்டு, உள்ள போய் காப்பி குடிச்சுட்டு வந்து பாக்கறேன், மார்கழியில பூசணிப்பூ வைப்போமே, அந்த நட்டநடுவுல சுல்தான் வச்சுட்டுப் போயிருக்கு. அந்த அளவுக்கு வைக்க இந்தத் தெருவுல வேற நாய் கிடையாது. போதாததுக்கு காம்பவுண்டு ஓரத்துச் செம்பருத்தியை வாக்கிங் போற பக்திமான் யாரோ மொட்டையடிச்சிருக்காங்க.

தினமும் நான்தான் அள்ளிக் கொட்டறேன். அன்னிக்கு விடறதா இல்ல. குப்பை முறத்தையும் விளக்குமாத்தையும் எடுத்துக்கிட்டு நேரா டீக்கடைக்கு நடந்தேன்.

அங்க சார் ஊரையே திட்டிக்கிட்டு இருந்தாரு. நீங்கல்லாம் நாய் வளக்கறவங்களான்னு கேட்டாரு, நாய் இல்லாதவங்களைப் பாத்து. சுல்தானோட வால் ஒரு தினுசா நெளிஞ்சாலே இவருக்குத் தெரிஞ்சுடுமாம். தரையில விழ விடமாட்டாராம், பையை நீட்டி அந்தரத்துலயே பிடிச்சுடுவாராம். மழை நாள்ல என்ன பண்ணுவீங்கன்னு டீ போடற சகாயம் கேட்டாரு. மழைத்துளி விழறதுக்குள்ள பிடிச்சு முடிச்சுடுவேன்னாரு சார்.

இவரால தெருவுல ஈயெல்லாம் பட்டினி கிடந்து, ஒரு நாள் கூட்டமாக் கிளம்பி அடுத்த வார்டுக்குக் குடி போயிடுச்சாம். ஒரு கிழட்டு ஈ மட்டும் இவர் தோள்ல உக்காந்து கொஞ்ச நேரம் அழுதுட்டுப் போச்சாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு விளக்குமாத்தைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

அப்புறம் சிங்கப்பூர். பையன் வீட்டுக்குப் போயிருந்தப்ப இவர் குனிஞ்சு அள்ற அழகைப் பாத்து போலீஸ்காரங்க தொப்பியைக் கழட்டிட்டாங்களாம். நம்ம ஊரைப் போய் சுத்தம்னு இத்தனை நாள் நினைச்சுட்டோமேன்னு ஒரு பெரிய அதிகாரி தேம்பித் தேம்பி அழுதாராம். சுல்தானையும் பிளேன்ல ஏத்தினாங்களான்னு சகாயம் கேட்டதுக்கு, ஜன்னல் சீட்டுன்னாரு.

சுல்தானும் லேசுப்பட்டது இல்லையாம். பையைக் கண்ணால பாக்காம எதுவும் பண்ணாதாம். ஒரு தடவை காசிக்குப் போறப்ப இவர் பையை எடுக்க மறந்துட்டாராம். அது காசி வரைக்கும் அடக்கிக்கிட்டு வந்து, கங்கையில முங்கி, திரும்பவும் அடக்கிக்கிட்டே வீடு வந்து, பை இருக்கற அலமாரியைக் காலால தட்டிச்சாம். அள்ளினதையெல்லாம் வீட்டுத் தென்னைக்குப் போட்டதுல ஒரே ஒரு காய் காய்ச்சுதாம். அதைத் துருவி ஒரு கல்யாணத்துக்கே சட்னி அரைச்சு, மிஞ்சின கொட்டாங்கச்சியில பொண்ணு மாப்பிள்ளையை உக்கார வச்சு ஊர்வலம் விட்டாங்களாம்.

கல்யாணம்னு காதுல விழுந்ததும் பத்து மணிக்கு வர்றவங்க ஞாபகம் வந்துச்சு. முன்னாடி போய் நின்னு, என் வாசல்ல சுல்தான் வச்சிருக்கு, வந்து எடுங்க சார்ன்னேன்.

ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க. "ஏம்மா, கண்ட தெருநாய் பண்றதுக்கெல்லாம் என் பிள்ளை மேல பழி போடாதம்மா. சுல்தான் இன்னிக்குப் போனது இதோ, சூடா இந்தப் பைக்குள்ளயே இருக்கு."

சொல்லிட்டு எல்லார் மூஞ்சிக்கும் நேரா பையை ஆட்டினாரு. வழக்கம்போல எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு நகந்தாங்க. இத்தனை நாளா அந்தப் பை பக்கம் ஒருத்தரும் போனதில்ல, நானும்தான். அன்னிக்குப் போனேன். கிட்டப் போனா நாத்தமே இல்ல. வெடுக்குன்னு பிடுங்கி பெஞ்சு மேல கவுத்தேன்.

பூவாக் கொட்டிச்சு. மேல பூரா என் வீட்டு அடுக்குச் செம்பருத்தி, அடியில பக்கத்து வீட்டு நந்தியாவட்டை.

மூக்கைப் பொத்தினவங்கல்லாம் பெஞ்சைச் சுத்திக் கூடிட்டாங்க. சார் அப்பவும் அசரல. தொண்டையைச் செருமிக்கிட்டாரு.

"இதை வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். சுல்தானுக்கு உடம்பு அவ்வளவு சுத்தம். அது போறதே பூவாத்தான் போகும்."

நான் கேட்டேன், "அப்போ தினமும் இதைத்தான் உங்க வீட்டுச் சாமிக்கு வைக்கிறீங்களா சார்?"

குப்பை முறத்தை நீட்டினேன், வாங்கிக்கிட்டாரு. என் வீடு எதுன்னு தெரியாத மாதிரி ரோட்டுல நின்னு அங்கயும் இங்கயும் பாத்தாரு. சுல்தான் சங்கிலியை இழுத்துக்கிட்டு நேரா என் வாசலுக்குக் கூட்டிட்டுப் போச்சு.