கையில் ஒட்டிய கறுப்பு

சீடருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. போதாக்குறைக்கு, குரு பல் டாக்டர். கலிகாலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கோயம்புத்தூரில் டாக்டர் சுகந்தி கீழே கிளினிக்கில் பல் பிடுங்குவார். மாடியில், வீட்டில், வெப்பக் காற்று இன்ஜின் செய்வார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் உள்ளேயிருக்கும் காற்று சூடாகி விரியும், குளிர்ந்து சுருங்கும். அது பிஸ்டனைத் தள்ளித் தள்ளி இழுக்க, சக்கரம் சுற்றும். வேறெதற்கும் உதவாது. சுற்றும், அவ்வளவுதான்.

நாச்சிமுத்து கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்த இடத்தில், மேஜைமேல் ஒன்று சுற்றுவதைப் பார்த்தார். வாயில் பஞ்சோடு, "எம் பையனும் இப்படி ஒண்ணு செஞ்சானுங்க" என்றார். அடுத்த வாரத்திலிருந்து மாடிக்குப் பாடம் கேட்க வர ஆரம்பித்தார்.

அவர் நூல் மில்லில் தரம் பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய மனுஷர். வீட்டிலாவது சும்மா இருந்தாரா? அதுவும் இல்லை. மகன் தரணியின் கையெழுத்து, தலைமுடி, சிரிக்கிற சத்தம், கடைசியில் அவன் கட்டிக்கொள்ள நினைத்த பெண் வரைக்கும் எல்லாவற்றையும் திருத்தினார். மகன் ஓசூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவிடம் மட்டும் பேசுவான்.

போன வாரம் அம்மாவுக்குப் போன் வந்தது. "ஞாயித்துக்கிழமை வர்றேன். என் இன்ஜினை எடுத்துட்டு உடனே கிளம்பிடுவேன்."

அன்றைக்கே நாச்சிமுத்து பரணில் ஏறினார். இன்ஜின் ஓடினால் பையன் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பான். நின்றால் உட்காருவான். உட்கார்ந்தால் ஒரு வாய் சாப்பிடுவான். அவர் ஆசைப்பட்டது இவ்வளவுதான். பாவம், பேராசைகூட இல்லை.

ஆனால் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. சனிக்கிழமை காலையில் இன்ஜினைத் துண்டில் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓடிவந்தார்.

"ஓட மாட்டேங்குதுங்க டாக்டரம்மா. நாளைக்கு அவன் வந்துருவான்."

சுகந்தி துண்டைப் பிரித்துப் பார்த்தார். பித்தளைச் சக்கரம் பளபளவென்று மின்னியது.

"பரண்ல இருந்து எடுத்தப்ப ஓடிச்சா சார்?"

"ஓடுச்சுங்க. ஆனா டக்கு டக்குன்னு ஒரு சத்தம். சக்கரம் வேற லேசாக் கோணிக்கிட்டுச் சுத்துச்சு. பார்க்கச் சகிக்கலை."

"ஓடினதை என்ன செஞ்சீங்க?"

"கழட்டிச் சுத்தம் பண்ணினேன். எண்ணெய் மட்டும் போடலைங்க, சத்தியமா. பிஸ்டன்ல எண்ணெய் பட்டா ஒட்டிக்கும்னு நீங்க சொல்லியிருக்கீங்களே."

குரு சொன்னதில் ஒன்றையாவது கடைப்பிடித்த பெருமை அவர் முகத்தில் தெரிந்தது.

சுகந்தி பிஸ்டனை வெளியே எடுத்தார். சுண்டுவிரல் பருமனில் ஒரு கறுப்புத் துண்டு. தொட்ட விரலில் கறுப்பு ஒட்டியது.

"அதேதாங்க," என்றார் நாச்சிமுத்து. "எவ்வளவு அழுக்கு பாருங்க. சோப்புப் போட்டேன், போகலை. அப்புறம் உப்புத்தாள் வெச்சுத் தேச்சேன். தேய்க்கத் தேய்க்க வந்துக்கிட்டே இருக்குது. சனியன், விட்டனா பார்னு நானும் விடலை."

சுகந்தி தன் இன்ஜின் ஒன்றிலிருந்து, பிஸ்டன் ஓடுகிற கண்ணாடிக் குழாயைக் கழற்றினார். அதன் அடியை விரலால் அடைத்துக்கொண்டு, மேலே இருந்து அதே இன்ஜினின் பிஸ்டனைப் போட்டார். அது விழவில்லை. அடைபட்ட காற்று அதைத் தாங்கிக்கொண்டது. விரலை எடுத்தபிறகுதான் சர்ரென்று இறங்கி உள்ளங்கைக்கு வந்தது.

பிறகு தரணியின் குழாயை அதேபோல் அடைத்து, அவனுடைய பிஸ்டனைப் போட்டார். கடகடவென்று விழுந்து அவர் விரலில் இடித்தது.

நாச்சிமுத்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். "அழுக்குப் போனதுக்கே லூஸ் ஆகுமாங்க?"

"துடைச்ச துணி இருக்கா?"

"வண்டியில கெடக்குது. அது எதுக்குங்க?"

"எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தார். பழைய வேட்டித் துண்டு. வெள்ளை என்று சொல்ல அதில் ஒரு மூலைகூட மிச்சமில்லை.

சுகந்தி ஒரு தாளை எடுத்துப் பிஸ்டனால் அதில் கோடு போட்டார். பென்சிலால் போட்டதுபோல விழுந்தது.

"இது மோட்டார்ல இருக்கிற கார்பன் பிரஷ், சார். பேர்தான் பிரஷ், முழுக்கக் கரிக்கட்டி. அதைக் கையாலேயே உருட்டி உருட்டித் தேச்சு, இந்தக் குழாய்க்கு அளவாப் பொருந்துற மாதிரி செஞ்சிருக்கார். உள்ளே வரைக்கும் கறுப்புதான். இதுல அழுக்கே கிடையாது."

நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ப்ளஸ் டூ படிக்கிறப்ப மாசக்கணக்கா இதைத்தான் உருட்டிக்கிட்டிருந்தான்," என்றார். "கையெல்லாம் கறுப்பா இருக்கும். ஒரு நாள் அப்படியே சாப்பிட உட்கார்ந்தான். அழுக்குப் பிடிச்சவனே, எந்திரிடான்னு தட்டைப் பிடுங்கிட்டேன். கழுவிட்டுத்தாம்பா வந்தேன், போகலைன்னான். நான் கேட்கலை."

சுகந்தி அந்தத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லதுக்குத்தானுங்களே செஞ்சேன்?"

கீழே யாரோ மணி அடித்தார்கள். பல்வலிக்காரர் யாராவது வந்திருக்கலாம்.

"புதுசா ஒண்ணு செஞ்சு குடுங்க டாக்டரம்மா. அவனுக்குத் தெரியவா போகுது?"

"செஞ்சு தர்றேன். சாயங்காலத்துக்குள்ள ஓடும். நான் செஞ்சதை எடுத்துட்டுப் போகவா அவர் ஓசூர்ல இருந்து வர்றார்?"

நாச்சிமுத்து தன் கையைப் பார்த்தார். விரல் இடுக்குகளில், நகக்கண்ணில், எங்கும் கறுப்பு. காலையில் அவரும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"அப்ப நாளைக்கு அவன் கேட்டா நான் என்னதான் சொல்றதுங்க?"

சுகந்தி மடித்த துணியை அவர் கையில் வைத்தார்.

"அவர் செஞ்சதுல பாதி இதுலதான் இருக்கு. இதையும் சேர்த்துக் கொடுத்துருங்க. இந்தத் தடவையாவது அழுக்குன்னு சொல்லிடாதீங்க."