புள்ளி கட்டிய கோணல் கூடு

மரங்களுக்குக் கோடரி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், ஓர் இலுப்பை மரத்தில் அஞ்சனி என்ற காக்கை வாழ்ந்தாள். இது அவள் வளர்த்த பெண்ணின் கதை. நடுவில் கொட்டாவி விடுகிறவர்களுக்கு முடிவு கிடையாது, சொல்லிவிட்டேன்.

அஞ்சனி இரை தேடப் போன நேரம், ஒரு குயில் அவள் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிட்டது. குயில் குலத்தின் வழக்கமே அதுதான். குஞ்சு பொரிந்தது. "கா... கா..." என்று உடைந்த குரலில் பசிக்கு அழுதது. அஞ்சனி ஊட்டி ஊட்டி வளர்த்தாள்.

ஒருநாள் குஞ்சின் சிறகில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. "அடிப்பாவி, நீ குயிலா!" என்று அஞ்சனி கொத்தித் துரத்தினாள்.

அந்தப் புள்ளிகளே அவளுக்குப் பெயராயின. புள்ளி குயில்களிடம் போனாள். வாயைத் திறந்தால் "கா" என்றுதான் வந்தது. குயில்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

அங்கும் இல்லை, இங்கும் இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆந்தையை நடுப்பகலில் எழுப்பினாள். அணில் சேர்த்த கொட்டைகளை உருட்டிவிட்டாள். கிளி வீட்டுக் கல்யாணத்தில் போய்க் காக்கையாகக் கத்தினாள். காடே அவளைக் கரித்துக் கொட்டியது.

பிறகு அவள் வயிற்றிலும் ஒரு முட்டை வந்தது.

"காக்கைக் கூட்டுல போட்டுட்டு வாடி, அத்திப்பழம் பழுத்திருக்கு, விருந்துக்குப் போகலாம்" என்றன குயில்கள்.

புள்ளி போனாள். அது அஞ்சனியின் கூடேதான். விளிம்பில் நின்றதும், அன்று வாங்கிய கொத்து நினைவுக்கு வந்தது. 'என் பிள்ளையும் ஒருநாள் இதை வாங்கணுமா?' என்று திரும்பிவிட்டாள்.

குயிலுக்குக் கூடு கட்டத் தெரியுமா? முதல் கூட்டைக் காற்று கொண்டுபோனது. இரண்டாவது கூடு அவள் உட்கார்ந்ததும் சரிந்தது. மூன்றாவது கோணலாக, ஒருபக்கம் தொங்கிக்கொண்டு, எப்படியோ நின்றது.

"இது கூடா, குப்பையா?" என்று சிரித்தது தூக்கணாங்குருவி.

"குப்பைதான். ஆனா என் குப்பை" என்றாள் புள்ளி.

அந்தக் கோணல் கூட்டில் குஞ்சு பொரிந்தது. விருந்தை மறந்தாள், வம்பை மறந்தாள், தன் பசியையும் மறந்தாள். மழை வந்தால் அவள் சிறகுதான் கூரை.

ஒரு நண்பகலில் சாரைப்பாம்பு மரமேறியது. புள்ளி அதன் வாலைக் கொத்தினாள். பாம்பு சட்டை செய்யவில்லை. கஷ்டப்பட்டுப் பழகிய குயில் குரலில் உதவி கேட்டுக் கூவினாள். "அடடா, இன்னைக்குத்தான் இவளுக்குச் சுருதி சேர்ந்திருக்கு" என்று குயில்கள் பழம் தின்றுகொண்டே ரசித்தன.

பாம்பு கூட்டருகே வந்துவிட்டது. புள்ளி வெட்கத்தை விட்டாள். அலகை அகலத் திறந்து, குஞ்சாக இருந்தபோது அழுத அதே உடைந்த குரலில், "கா... கா..." என்று அழுதாள்.

இலுப்பை மரத்தில் அஞ்சனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, அது என் பொண்ணு!" என்று பறந்தாள். துரத்தியதெல்லாம் அந்த நொடியில் நினைவில்லை. அவள் பின்னால் காக்கைக் கூட்டமே பறந்தது. தலையில் ஒரு கொத்து, நடுவில் ஒரு கொத்து, வாலில் ஒரு கொத்து. பாம்பு தொப்பென்று விழுந்து புதருக்குள் ஓடியது.

அப்போதுதான் அஞ்சனி அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள்.

"நீயா?"

"நான்தாம்மா."

அஞ்சனிக்குத் துரத்திய நாள் நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். கோணல் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"என்னடி கூடு இது, இப்படிச் சாயுது!" என்று முணுமுணுத்துக்கொண்டே, ஒரு குச்சியை எடுத்துத் தொங்கிய பக்கத்தில் செருகினாள். குஞ்சு "ஆ" என்று வாயைத் திறந்தது. அதற்கு முதல் வாய் ஊட்டியது யார் என்று நான் சொல்லவேண்டுமா?

முட்டையிட்டதால் மட்டும் யாரும் தாயாகிவிடுவதில்லை. குஞ்சு அழும்போது ஓடி வருகிறவளே தாய்.