அரை மீசையோடு போன டாக்டர்

மூளை ஆபரேஷனில் டாக்டர் ரகோத்தமனுக்குப் பெரிய பெயர். அதைவிடப் பெரியது அவர் மீசை. நோயாளிகளுக்கு மொட்டை போட ஆஸ்பத்திரியில் வேலைக்கிருந்த இசக்கிதான் தினமும் அவருக்கும் ஷேவிங் செய்துவிட வேண்டும்.

அன்றைக்கு முகமெல்லாம் நுரையோடு டாக்டர் சீறினார்.

"இன்னிக்குச் செல்லக்கனி புருஷனுக்கு ஆபரேஷன். அந்தம்மா கையெழுத்துப் போடாம, என்ன பண்ணப் போறீங்கன்னு கேக்குது. 'கிரேனியோட்டமி'ன்னு மூணு தடவை சொல்லிட்டேன். நீ போய்க் கையெழுத்து வாங்கு. வாங்கலேன்னா ஒனக்கு வேலை கிடையாது."

"சரிங்கய்யா. அதுக்கு முன்னால ஒங்களுக்கு ஒரு மிஸ்டாக்கெக்டமி பண்ணிரட்டுமா?"

தனக்குத் தெரியாத வார்த்தை உலகத்தில் உண்டு என்று டாக்டர் ஒத்துக்கொள்வாரா? "ம், பண்ணு" என்றார்.

பாதி மீசை துண்டில் விழுந்தது.

"அடப்பாவி! மீசையை எடுக்கப் போறேன்னு சொல்ல வேண்டாமா?"

"பேரைச் சொன்னேனே, ஐயா."

"வெறும் பேரைச் சொன்னா எவனுக்குய்யா புரியும்?"

"அதைத்தான் அந்தம்மாவும் கேக்குறாங்க. ஒங்க மீசையாவது மறுபடி முளைச்சிரும்."

கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு டாக்டர் வார்டுக்குப் போனார். "மண்டையோட்டைக் கொஞ்சம் திறந்து, கட்டியை எடுத்துட்டு, திரும்ப மூடிருவோம்மா" என்றார்.

செல்லக்கனி உடனே கையெழுத்துப் போட்டாள். டாக்டருக்குத் தமிழ் தெரியும் என்பது ஆஸ்பத்திரிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.